மடியில் எவ்வளவு? ஒரு மராமத்துக் கணக்கு

போன வாரம் சின்னசேலத்திலிருந்து என் பள்ளிக்கூட சிநேகிதர் ஒருவர் பேசினார். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பெங்களூரில் இருக்கும் மகன், வீட்டைச் சரிசெய்து கொள்ளுங்கள் என்று பணம் அனுப்பியிருக்கிறான். மேஸ்திரியை வரச் சொல்லியிருக்கிறார். அவரும் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, முதல் கேள்வியாக, "சார், பட்ஜெட் எவ்வளவு வச்சிருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறார். நம்மவருக்குத் தூக்கிவாரிப் போட்டுவிட்டது.

"சொல்லலாமாப்பா? சொன்னா அவ்வளவுக்கும் வேலையைக் காட்டிடுவானே!" என்றார்.

முப்பத்தாறு வருஷம் ஓவர்சியராக டேப்பும் கையுமாகத் திரிந்தவன் என்பதால் என்னிடம் கேட்கிறார். இரண்டு நிமிஷத்தில் ஏதோ பதில் சொல்லி வைத்தேன். ஆனால் போனை வைத்த பிறகு மனசு அங்கேயே சுற்றியது. இந்தக் கேள்வி எங்கள் வீட்டில் ஒரு பெரிய சேதத்தை உண்டாக்கிய கேள்வி. அதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன், பொறுத்துக் கொள்ளுங்கள்.

நம் வயதுக்காரர்களுக்கு 'மராமத்து' என்ற சொல் நன்றாகவே தெரியும். இப்போதுள்ள பிள்ளைகள் 'ரெனவேஷன்' என்கிறார்கள். மராமத்து என்பது அரபியிலிருந்து பாரசீகம், உருது வழியாக நம் கச்சேரிகளுக்கு வந்த சொல். பழுது பார்ப்பது என்றுதான் அர்த்தம். கும்பெனி காலத்தில் ஏரி, கால்வாய், மதகு எல்லாவற்றையும் பழுது பார்க்கும் வேலை மராமத்து என்ற பெயரில் கலெக்டர்களின் பொறுப்பில் இருந்தது. புதிதாகக் கட்டுவதைவிட இருப்பதைக் காப்பாற்றுவதுதான் அன்றைக்குப் பெரிய வேலை. நம் பக்கத்து ஏரிகளைப் பார்த்தாலே அது புரியும். பிறகு 1852-இல் சென்னை மாகாணத்தின் பொதுவேலைகளைப் பற்றி ஆராய்ந்த கமிஷனின் அறிக்கை வந்தது. 1858-இல் பொதுப்பணித்துறை உருவானது. அப்புறமும் வெகுகாலம் நம் ஊர்க்காரர்கள் அதை மராமத்து இலாகா என்றுதான் சொன்னார்கள். அதே 1858-இல்தான் குடிமராமத்துக்கு ஒரு சட்டமும் வந்தது. ஏரிக்கரை உடையும் நிலை வந்தால் குடிகள் வந்து உழைத்தே ஆகவேண்டும் என்ற சட்டம். 2017-இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பெயரில் மறுபடி ஒரு திட்டம் கொண்டு வந்தபோது, என்னைப் போன்ற பழைய ஆட்களுக்கு அந்தச் சொல் திரும்பி வந்ததே ஒரு சந்தோஷம்.

இதில் என் சிநேகிதரின் கேள்விக்கு வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அரசாங்கம் தன் கையில் எவ்வளவு இருக்கிறது என்பதை எந்தக் காலத்திலும் ஒப்பந்தக்காரரிடம் மறைத்ததில்லை. பேப்பரில் ஒப்பந்தப்புள்ளி அறிவிப்புகளைப் பார்த்திருப்பீர்கள். வேலையின் பெயர், பக்கத்திலேயே மதிப்பீட்டுத் தொகை. டீக்கடையில் பேப்பர் படிக்கிற யாருக்கும் தெரியும், இந்தப் பாலத்துக்கு இவ்வளவு லட்சம் என்று. ஒப்பந்தக்காரர் கட்டவேண்டிய முன்வைப்புத் தொகையே அந்த மதிப்பீட்டை வைத்துத்தான். 1998-ஆம் வருஷத்து ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் வந்தபிறகு இது இன்னும் உறுதியானது. மதிப்பீட்டுக்கு இத்தனை சதவீதம் குறைத்துச் செய்கிறேன், இத்தனை சதவீதம் கூட்டிச் செய்கிறேன் என்று கேட்கும் முறையும் உண்டு. எல்லாச் சீட்டும் மேஜை மேல்.

அரசு வேலை என்றதும் நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. உள்ளே நடப்பது எனக்கும் தெரியும், அது வேறு கதை. நான் சொல்ல வருவது முறையைப் பற்றி. தொகையைத் தைரியமாகச் சொல்ல முடிகிறது என்றால், அதற்கு முன்னால் நாலு காரியம் முடிந்திருக்கிறது. வரைபடம் போட்டாகிவிட்டது. எத்தனை கனமீட்டர் மண், எத்தனை கனமீட்டர் கான்கிரீட், எத்தனை சதுரமீட்டர் பூச்சு என்று அயிட்டம் அயிட்டமாகப் பிரித்தாகிவிட்டது. ஒவ்வொரு அயிட்டத்துக்கும் விலைப்பட்டியலில் ஒரு ரேட் இருக்கிறது. குவாரியிலிருந்து வேலை நடக்கும் இடத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்று 'லீட்' கணக்கும் போட்டாகிவிட்டது. கடைசியாக, நூற்றுக்கு இரண்டரையோ மூன்றோ ஐந்தோ எதிர்பாராத செலவுக்கென்று தனியே ஒதுக்கப்பட்டிருக்கும். வேலை நடக்க நடக்க எம் புக் என்று நாங்கள் சொல்லும் அளவுப் புத்தகத்தில் அளந்து எழுதி, எழுதிய அளவுக்குத்தான் பில். இவ்வளவும் இருப்பதால்தான் மொத்தத் தொகையை ஊருக்கே சொல்லலாம்.

இவ்வளவும் இருந்தும் கணக்கு எகிறும் என்பதற்கு நம் ஐகோர்ட்டே சாட்சி. சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்தை 1888-இல் தொடங்கி 1892-இல் முடித்தார்கள். பிராசிங்டன் போட்ட வடிவம். ஹென்றி இர்வின் முடித்து வைத்தார். ஒப்பந்தக்காரர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார். மேதை ராமானுஜன் 1920-இல் கடைசி நாட்களைக் கழித்தது இவருடைய சேத்துப்பட்டு வீட்டில்தான். அந்த ஐகோர்ட்டுக்குப் போட்ட மதிப்பீடு 9,45,000 ரூபாய். முடிந்தபோது ஆன செலவு 12,98,163. கணக்குப் போட்டுப் பாருங்கள், நூற்றுக்கு 37-க்கு மேல் கூடுதல். வெள்ளைக்கார இன்ஜினியர்கள், கைதேர்ந்த ஒப்பந்தக்காரர், அரசாங்கக் கஜானா எல்லாம் இருந்தே இந்தக் கதி. நம் வீட்டு மேஸ்திரி வாய்க்கணக்கில் சொன்னதைவிட அரை லட்சம் கூடிவிட்டது என்று சண்டைக்குப் போகிறோம்!

ரிப்பன் கட்டடத்தின் கணக்கு எனக்கு இன்னும் பிடிக்கும். 1909 டிசம்பரில் அஸ்திவாரம் போட்டு 1913 நவம்பர் 26-ஆம் தேதி திறந்தார்கள். (நம் கள்ளக்குறிச்சி மாவட்டம் தொடங்கி வைக்கப்பட்டதும் ஒரு நவம்பர் 26-தான், 2019-இல்.) மொத்தச் செலவு 7,50,000 ரூபாய். கட்டிய லோகநாத முதலியாருக்குக் கொடுத்தது 5,50,000. பாக்கி இரண்டு லட்சத்தைக் கவனியுங்கள். கட்டடத்துக்கு ஆகும் செலவு வேறு, கட்டுகிறவருக்குப் போகும் தொகை வேறு. நம்மில் முக்கால்வாசிப் பேர் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக் கொண்டுதான் மாட்டிக் கொள்கிறோம்.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

நம் சிறு வயதில் வீட்டு மராமத்துக்கு யாரும் எஸ்டிமேட் போட்டதாக எனக்கு நினைவில்லை. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் நாள்கூலி. சுண்ணாம்பு, செங்கல், மரம் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. மேஸ்திரி என்பவர் ஆள் கூட்டி வருபவர், வேலையைப் பார்ப்பவர். பிறகுதான் சதுரக் கணக்கு வந்தது. நூறு சதுர அடி ஒரு சதுரம், சதுரத்துக்கு இவ்வளவு என்று பேசிக் கொள்வது. அதிலும் கூலி மட்டும் ஒப்பந்தம், சாமானோடு சேர்த்து ஒப்பந்தம் என்று இரண்டு வகை. புது வீட்டுக்குச் சதுரக் கணக்கு ஓரளவு சரிப்படும். பழைய வீட்டுக்கு அது சரிப்படாது. பழைய வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் யாருக்கும் தெரியாது.

எங்கள் வீடு சங்கராபுரம் பக்கத்தில். தாத்தா கட்டிய மெட்ராஸ் டெரஸ் வீடு. இந்தத் தளம் போடும் விதத்தைப் பார்த்தவர்கள் இப்போது குறைந்து போனார்கள். சுவரிலிருந்து சுவருக்கு உத்தரம், அதன்மேல் வரிசையாகச் சட்டங்கள். சின்னச் செங்கல்லை விளிம்பில் நிறுத்தி, மூலைவாட்டாகச் சுண்ணாம்புக் கலவையில் கட்டிக் கொண்டே போவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அடிக்கவேண்டும். கடைசியில் தட்டோடு. சித்திரை வெயிலிலும் கீழே படுத்தால் குளுகுளுவென்று இருக்கும். அதன் ஒரே பலவீனம், சுவருக்குள் புதைந்திருக்கும் மர முனை. ஈரம் தங்கி முதலில் உளுத்துப் போவது அதுதான். வெளியே பார்த்தால் உத்தரம் சிங்கம் மாதிரி இருக்கும்.

1978. நான் டிப்ளமோ இரண்டாம் வருஷம். மூங்கில்துறைப்பட்டு ஆலையிலிருந்து கரும்புப் பணம் வந்ததும் அப்பா மராமத்தைத் தொடங்கினார். நடுக்கூடத்தில் மழைக்கு ஒழுகிக் கொண்டிருந்தது. மேஸ்திரி எங்கள் தாத்தா காலத்திலிருந்து வருகிற குடும்பம். அவரும் இதே கேள்வியைத்தான் கேட்டார், அவர் பாணியில். "அய்யா, எம்புட்டு வரைக்கும் போலாம்னு சொன்னீங்கன்னா அதுக்குத் தக்கன பிரிப்பேன்."

அப்பா சொன்ன பதில் எங்கள் வீட்டில் ரொம்ப நாள் பேசப்பட்டது. "பணத்தைப் பத்தி நீ கவலைப்படாதே மேஸ்திரி. வேலை நல்லா இருக்கணும்."

அப்பாவிடம் இருந்தது நாலாயிரம் ரூபாய். அதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் மதிப்புக் குறையும் என்ற நினைப்பு பாதி, சொன்னால் அவ்வளவுக்கும் வேலை இழுப்பார் என்ற பயம் பாதி. மேஸ்திரி, அய்யாவிடம் பணம் இருக்கிறது என்று நம்பி, கூடம் முழுவதையும், அதோடு ஒட்டிய இரண்டு அறைகளையும் சேர்த்துப் பிரித்துவிட்டார். பிரித்தபிறகு பார்த்தால் மூன்று உத்தரத்தின் முனையும் உளுத்திருந்தது. மரத்துக்குப் பதில் கான்கிரீட் போடலாம் என்றால் சிமெண்டுக்குப் பர்மிட் வேண்டும். உங்களுக்கு நினைவிருக்கும், 1982-இல் கட்டுப்பாடு பாதி தளர்ந்து, 1989-இல் முழுசாக எடுக்கும் வரை சிமெண்ட் மூட்டைக்கு என்ன பாடு பட்டோம் என்று. பர்மிட்டுக்கு மனுப்போட்டுக் காத்திருப்பது, இல்லையென்றால் கள்ள விலை. அப்பா கள்ள விலையில் கொஞ்சம் வாங்கினார். புரட்டாசி முடியும்போது பணம் தீர்ந்தது. அப்போதும் மேஸ்திரியிடம் சொல்லவில்லை. "ரெண்டு நாள் பொறு, மூணு நாள் பொறு" என்று இழுத்தார். கூலி நின்றதும் ஆட்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

ஐப்பசி மழை பிடித்தபோது வீட்டுக்கு மேலே தார்ப்பாய்தான் இருந்தது. தீபாவளிக்கு நான் ஊருக்கு வந்தபோது அம்மாவும் தங்கச்சியும் சமையலறையில் சாமான்களோடு சாமானாகப் படுத்திருந்தார்கள். ஆயாவைப் பக்கத்துத் தெருவில் சித்தப்பா வீட்டுத் திண்ணை அறையில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். அவருக்கு எண்பதைத் தாண்டிய வயசு. 'எப்ப என் ஊட்டுக்குப் போறது?' என்று வருகிறவர்கள் எல்லோரிடமும் கேட்டுக் கொண்டிருந்தார். மார்கழியில் அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டார். தாத்தா கட்டிய வீட்டின் வாசலில், கூரையில்லாத வீட்டின் முன்னால், பாடை கட்டினோம். கொல்லையில் கால் காணி விற்றுத்தான் அடுத்த தையில் தளம் போட்டது.

அப்பா கடைசி வரை மேஸ்திரியைத்தான் திட்டிக் கொண்டிருந்தார். 'ஒரேயடியா பிரிச்சுப்புட்டான், படுபாவி' என்பார். அந்தக் காலேஜ் வருஷத்தில்தான் எங்களுக்கு எஸ்டிமேட்டிங் பாடம். அளவும் ரேட்டும் போட்டு மனப்பாடம் செய்து கொண்டிருந்தேன், வீட்டில் அப்பாவிடம் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டும் தைரியம் இல்லை. பல வருஷம் கழித்து அப்பாவின் காரியத்துக்கு மேஸ்திரி வந்திருந்தார். தள்ளாத வயசு. என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "தம்பி, அய்யா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கூடத்தை மட்டும் பிரிச்சு மூடியிருப்பேன். அறை ரெண்டும் அடுத்த வருஷம் பாத்திருக்கலாம்." அவ்வளவுதான் சொன்னார். நான் பதில் பேசவில்லை.

வேலைக்குச் சேர்ந்தபிறகு கல்வராயன் மலையில் சில பள்ளிக்கூடக் கட்டடங்களைப் பார்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது. 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை அது. நான் போனபோது கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, வெள்ளிமலைக்கு ஏறுவதே ஒரு நாள் வேலை. அங்கே பணப்பேச்சு வேறு மாதிரி இருந்தது. புல்லு வேய்ந்த வீட்டுக்குக் கூரை மாற்றுவதை மலையாளி குடும்பங்களில் பார்த்திருக்கிறேன். உறவுக்காரர்கள் ஒரு நாள் வந்து வேய்ந்துவிட்டுப் போவார்கள். அன்றைக்குச் சாப்பாடு வீட்டுக்காரருடையது, நாளைக்கு அவர்கள் வீட்டுக்கு இவர் போகவேண்டும். ரூபாய் என்ற பேச்சே வராது. ஓட்டு வீடும் காங்கிரீட் வீடும் வந்தபோதுதான் கணக்கு வந்தது. அந்தக் கணக்கிலும் முதல் கேள்வி 'எவ்வளவு வச்சிருக்கே' இல்லை. 'செங்கல் எங்கேருந்து வருது, ஏத்துக்கூலி யாரோடது' என்பதுதான். கீழே கிடைக்கும் ஒரு யூனிட் மணல் மேலே போய்ச் சேரும்போது வேறு விலை. 2011-இல் பசுமை வீடுகள் வந்தபோது முந்நூறு சதுர அடிக்கு 1,80,000 ரூபாய் என்று தொகை அரசாணையிலேயே இருந்தது. வீட்டுக்காரருக்கும் தெரியும், கொத்தனாருக்கும் தெரியும், ஊருக்கே தெரியும். மறைக்க ஒன்றுமில்லாததால் பேச்சு நேராகச் சாமானுக்குப் போனது. அந்தப் பேச்சைக் கேட்டபோதெல்லாம் எனக்கு அப்பாவின் ஞாபகம் வரும்.

அதே 2011-இல்தான் எங்கள் வீட்டில் மிச்சமிருந்த முன்கட்டை நான் எடுத்துச் செய்தேன். அதுவும் மெட்ராஸ் டெரஸ், நாலு சதுரம். என்னிடம் ஆறு லட்சம் இருந்தது. பழைய மேஸ்திரியின் மகன்தான் வந்தார். அவர் கேட்பதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து நீட்டினேன். தளம் பிரிப்பது இவ்வளவு, புதுத் தளம் இத்தனை சதுரம், கழிவறை, தரை ஓடு, வயரிங், பூச்சு, வெள்ளை. ஒவ்வொன்றுக்கும் எதிரில் இடம் விட்டிருந்தேன், ரேட்டை அவரே எழுதட்டும் என்று. எழுதி முடித்தபின், "மொத்தம் அஞ்சு லட்சத்துக்குள்ள நிக்கணும் தம்பி. நிக்கலேன்னா எதை விடலாம்னு இப்பவே சொல்லு" என்றேன்.

ஆறில் ஒன்றை மறைத்தது பொய்தானே என்று என் வீட்டுக்காரி கேட்டாள். அது வேலைக்கான பணம் இல்லை, சுவருக்குள் இருப்பதற்கான பணம் என்றேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றைக்கும் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கும் முழு நிம்மதி என்று சொல்ல மாட்டேன்.

தாளைப் பார்த்த அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் யோசித்தார். "தரை ஓட்டை நிறுத்தி வச்சுக்கலாம் சார். சிமெண்ட் தரையே நல்லாத்தான் இருக்கு. தளத்தை முதல்ல முடிச்சு மூடிடுவோம். ஒவ்வொரு அறையா பிரிச்சு மூடிக்கிட்டே வரேன், செண்ட்ரிங் வாடகை கொஞ்சம் கூடும், பரவாயில்லையா?" என்றார். பரவாயில்லை என்றேன். 2003-இல் அரசு மணல் குவாரிகளைத் தானே எடுத்துக் கொண்டதற்குப் பிறகு மணல் விலை நாளுக்கு ஒன்றாக இருந்தது. அதனால் மணல் மட்டும் என் பொறுப்பு என்று தனியாக எழுதிக் கொண்டோம். ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு பேரும் டேப் பிடித்து அளந்தோம். ஒரு நாற்பது பக்க நோட்டில் நான் எழுத, அவர் கையெழுத்துப் போடுவார். பார்க்கிற உறவுக்காரர்கள், "ஆபீசை ஊட்டுக்கே கொண்டாந்துட்டான்" என்று சிரித்தார்கள்.

கிழக்குச் சுவரின் பூச்சை உதிர்த்தபோது உள்ளே வெறும் மண்கட்டு. அதன்மேல் கான்கிரீட் தளம் ஏற்ற முடியாது. மேஸ்திரி வந்து கையைப் பிசைந்து கொண்டு நின்றார். அப்போதுதான் அந்த ஆறாவது லட்சத்தைப் பற்றிச் சொன்னேன். சுவரைப் பிரித்துக் கட்ட எழுபத்திரண்டாயிரம் ஆயிற்று. ஆவணியில் தொடங்கிய வேலை, மழைக்கு முன்னால் மேலே மூடியாகிவிட்டது. தரை ஓடு இன்னும் போடவில்லை. அந்தச் சிமெண்ட் தரையில்தான் பேரப்பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

இதையெல்லாம் போனில் எப்படிச் சொல்வது? போன ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துச் சின்னசேலம் போனேன். தலைமையாசிரியர் வீட்டுக்கு மேஸ்திரியையும் வரச் சொல்லியிருந்தேன். நல்ல பையன், டேப்பின் மறுமுனையைச் சொல்லாமலே பிடித்தான். கூடம், அறை, தாழ்வாரம் என்று அளந்து எழுதிக் கொண்டே வந்தோம். அங்கேயும் மெட்ராஸ் டெரஸ்தான். "உத்தரம் எல்லாம் கல்லு மாதிரி இருக்குப்பா, தேக்கு" என்றார் சிநேகிதர். ஏணியைப் போட்டு ஏறி, உத்தரம் சுவருக்குள் போகிற இடத்தில் திருப்புளியை வைத்து அழுத்தினேன். சத்தமே இல்லாமல் இரண்டு அங்குலம் உள்ளே போயிற்று.

கீழே நின்றிருந்த மேஸ்திரி சிநேகிதரின் முகத்தைப் பார்த்தான். அவர் என்னைப் பார்த்தார்.

"எழுதிக்குங்க சார், இதுதான் ஒண்ணாம் நம்பர் அயிட்டம்" என்றேன்.